கருநுரையானின் காயல்

முன்னொரு காலத்தில், கடற்கரையில் விளக்கு ஏற்றி வைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றாத காலத்தில், தெற்கே செம்முனை என்று ஒரு நாடு இருந்தது. நாடு என்றால் பெரிய நாடு இல்லை. ஒரு ராஜா, அவருக்கு ஒரு கோட்டை, கோட்டையைச் சுற்றி உப்பளம், உப்பளத்துக்கு அப்பால் கடல். கடலுக்குள் ஒரு தீவு. கரைக்கும் தீவுக்கும் நடுவில், பாறைகள் வட்டமாகச் சூழ்ந்து நிற்கும் ஒரு காயல்.

அந்தக் காயலில் ஒரு மந்திரவாதி இருந்தான். பெயர் கருநுரையான். அவனுடைய தாடி கடல் நுரை மாதிரியே பொங்கிக்கொண்டு நிற்கும். நிறம் மட்டும் கறுப்பு.

கருநுரையான் ஓயாமல் மந்திரம் ஓதினான். ஓதி ஓதித் தண்ணீர் கசந்துபோனது. முதலில் கிளிமீன்கள் போயின. பிறகு கடல்குதிரைகள் போயின. கடைசியில் நண்டுகூட நடையைக் கட்டியது. தண்ணீர் இருந்தது, மீன் இல்லை. குடிமக்கள் இல்லாத ராஜாவைப் போல அவன் பாறைமேல் தனியாக உட்கார்ந்திருந்தான்.

"மீன் வராட்டிப் போகுது, நான் செஞ்சுக்கறேன்" என்றான்.

அன்றிலிருந்து அந்தப் பக்கம் போன தோணி எதுவும் தப்பவில்லை. ஒரு கை தண்ணீரை அள்ளி வீசுவான். ஒரு வரி மந்திரம் சொல்வான். "மீனுக்கு வயிறு உண்டு, மனசு இல்லை." அவ்வளவுதான் மந்திரம். தோணியில் இருந்தவர்கள் மீனாகித் தண்ணீரில் விழுவார்கள். பெயர் மறந்துவிடும், முகம் மறந்துவிடும், வீடு மறந்துவிடும். ராஜா ஒருமுறை வீரர்களை அனுப்பினார். அன்று மாலை காயலில் ஒரு சீலாக் கூட்டம் புதிதாகச் சேர்ந்தது. ஊசிமூஞ்சியும் ரம்பப் பல்லுமாக அந்தச் சீலா மீன்கள் வரிசை கலையாமல் நின்றன. அதன் பிறகு ராஜா யாரையும் அனுப்பவில்லை.

இப்போது பவளாயியைப் பற்றிச் சொல்கிறேன், கேளுங்கள்.

பவளாயி செம்முனை உப்பளத்தில் வேலை செய்தவள். அவள் புருஷன் நயினான். காயலை ஒதுக்கிச் சுற்றிக்கொண்டு தீவுக்கு உப்புத் தோணி ஓட்டுகிறவன். ஒரே பிள்ளை, வடிவு. அப்போதுதான் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கப் பழகியிருந்தாள்.

பவளாயியின் தம்பிக்குத் தீவில் கல்யாணம். அடுப்பு வேலைக்கு ஆள் வேண்டுமென்று பவளாயி முன்னாடியே பெண்களின் தோணியில் போய்விட்டாள். நயினான் பிள்ளையோடு மறுநாள் வருவதாகப் பேச்சு.

"பிள்ளையை யாருகிட்ட விட்டுட்டு வந்தே?" என்று கேட்டாள் அவளுடைய சின்னம்மா.

"அவ அப்பாகிட்ட."

"ஆம்பிளைகிட்டயா? அவனுக்குப் பசிச்சா பிள்ளையை எங்கயாச்சும் வச்சிட்டுச் சாப்பிட உக்காந்துருவானே!"

பவளாயி சிரித்தாள். மறுநாள் காலையிலிருந்து கரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். தோணி வரவில்லை. தாலி கட்டும் நேரம் வந்தது, தோணி வரவில்லை. பந்தி முடிந்தது, அப்போதும் வரவில்லை. பந்தி இலைகளை எடுத்துக்கொண்டிருக்கும்போது உப்புத் தோணி தானாக மிதந்து வந்து கரை தட்டியது. உள்ளே உப்பு இருந்தது. துடுப்பு இருந்தது. ஆள் இல்லை.

காயல் பக்கமிருந்து வெறும் தோணி வந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று தீவில் எல்லாருக்கும் தெரியும். பெண்கள் அழுதார்கள். ஆண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். பவளாயி அழவில்லை. நேரே அடுப்படிக்குப் போனாள். மாவு மிச்சம் இருந்தது. கருப்பட்டி காய்ச்சி ஊற்றிப் பணியாரம் சுட்டாள். நயினானுக்கு அதைக் கண்டால் போதும். ஒரு தூக்குச் சட்டியில் போட்டு மூடிக்கொண்டு, அதே தோணியில் ஏறினாள்.

"எங்க போறே?" என்றாள் சின்னம்மா.

"கூட்டிட்டு வரப் போறேன்" என்றாள் பவளாயி.

மறுநாள் காலை, தண்ணீர் வற்றும் நேரத்தில் அவள் காயல் வாசலுக்கு வந்து சேர்ந்தாள். பாறைகளுக்கு வெளியே சேறு. சேற்றில் அலையாத்தி மரங்கள். ஒரு மரத்தின் வேரில் ஒரு உளுவை உட்கார்ந்திருந்தது. விரல் நீளம்தான். கண் இரண்டும் தலைக்கு மேலே முட்டிக்கொண்டு நின்றன. மீன்தான், ஆனால் சேற்றில் தாவித் தாவித் திரியும்.

"நில்லு! யாரது?" என்றது உளுவை.

"நான் பவளாயி. நீ மீனா, மனுசனா?"

"மீனுதான். பொறந்ததுலேர்ந்து மீனு. எல்லாரும் இந்தக் காயலை விட்டுப் போனப்ப நான் மட்டும் போகலை. எனக்கென்ன, சேறு இருந்தாப் போதும். பாதி தண்ணியில இருக்கேன், பாதி தரையில இருக்கேன். அதனால எனக்குப் பாதிப் பேச்சு வரும்."

"அண்ணே, எம் புருசனும் பிள்ளையும் இந்தப் பக்கம் வந்தாங்களா?"

"வந்தாங்க. நீரோட்டம் தோணியை இந்தப் பக்கம் இழுத்துட்டு வந்துச்சு. பிள்ளையை நெஞ்சோட புடிச்சிருந்தான். கருநுரையான் தண்ணி வீசினான். ரெண்டு பேரும் விழுந்தாங்க."

"என்ன மீனா விழுந்தாங்க?"

உளுவை தன் கண்களை உள்ளே இழுத்து நனைத்துக்கொண்டு மறுபடி வெளியே விட்டது. "அதைத்தான் பாக்க முடியலை. சரியா அந்த நேரம் பார்த்துக் கண்ணு காஞ்சு போச்சு. இப்படி உள்ள இழுத்து நனைச்சுட்டுப் பாக்கறதுக்குள்ள விழுந்துட்டாங்க."

பவளாயி தோணியைக் கட்டிவிட்டுச் சேலையைத் தூக்கிச் செருகினாள்.

"உள்ள போனா அவன் உன்னையும் மீனாக்கிடுவான் தாயி" என்றது உளுவை.

"சரி" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

பாறைமேல் கருநுரையான் உட்கார்ந்திருந்தான். இதுவரை வழிதவறி வந்தவர்களையும் சண்டைக்கு வந்தவர்களையும்தான் பார்த்திருக்கிறான். தன் ஆளைத் தேடிக்கொண்டு வந்த ஒருத்தியை இப்போதுதான் பார்க்கிறான். அதனால் தண்ணீரை அள்ளிய கையை அப்படியே நிறுத்தினான்.

"எதுக்கு வந்தே, பெண்ணே?"

"எம் புருசனையும் பிள்ளையையும் குடுங்க ஐயா. போயிடறேன்."

கருநுரையான் காயலைக் கையால் காட்டினான். "இருக்காங்க. எடுத்துக்கோ. எதுன்னு தெரிஞ்சா தொட்டுப் பேர் சொல்லிக் கூப்பிடு. மூணு தடவை கூப்பிடலாம். ஒவ்வொரு தடவை தப்பும்போதும் உன் உடம்புல மூணுல ஒரு பங்கு மீனாகும்."

"சரியாக் கூப்பிட்டா?"

"முடியாது."

"கூப்பிட்டா?"

"கூப்பிட்டா என் மந்திரம் பொய்னு ஆகும். மந்திரம் பொய்யானா எல்லாரும் போகலாம். ஆனா அவங்க யாருக்கும் உன்னை அடையாளம் தெரியாது. மீனுக்கு வயிறு உண்டு, மனசு இல்லை."

பவளாயி தண்ணீரில் இறங்கினாள். இடுப்பளவு தண்ணீர், கண்ணாடி மாதிரி தெளிவு. அவளைச் சுற்றி மீன்கள். கிளிமீன்கள் அலகு மாதிரி வாயால் பவளப்பாறையைக் கறுக் கறுக்கென்று கடித்தன. கடித்ததெல்லாம் வாலுக்கு அடியில் வெள்ளை மணலாகக் கொட்டியது. நாக்குமீன்கள் இரண்டு கண்ணையும் ஒரே பக்கம் வைத்துக்கொண்டு மணலோடு மணலாகக் கிடந்தன. அவள் கால் பட்ட பிறகுதான் அங்கே மீன் இருப்பதே தெரிந்தது. ஒரு பேத்தை அவளைக் கண்டு பயந்து, தண்ணீரை விழுங்கிப் பந்து மாதிரி உப்பி, முள்ளெல்லாம் நட்டுக்கொண்டு உருண்டது. நவரை மீன்கள் தாடி மாதிரி இருந்த மீசையால் மணலைக் கிளறிக்கொண்டு போயின. மடவைக் கூட்டம் காரணமே இல்லாமல் துள்ளித் துள்ளி விழுந்தது.

இதில் நயினான் எது? வடிவு எது?

அவள் யோசித்தாள். பிள்ளையை நெஞ்சோடு பிடித்திருந்தான் என்று உளுவை சொன்னது. பிள்ளையைச் சுமக்கிற ஆண்மீன் எது? கடல்குதிரை! கடல்குதிரையில் தகப்பன்தான் வயிற்றுப் பையில் பிள்ளை சுமக்கும் என்று கடலோரத்தில் யாருக்குத்தான் தெரியாது?

கடல்பாசியில் வாலைச் சுற்றிக்கொண்டு ஒரு கடல்குதிரை ஆடிக்கொண்டிருந்தது. வயிறு நன்றாக உப்பியிருந்தது. பவளாயி அதைத் தொட்டாள். புருஷனைப் பெயர் சொல்லி அவள் ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. வெட்கமாகத்தான் இருந்தது. இருந்தாலும் கூப்பிட்டாள்.

"நயினான்!"

கடல்குதிரை ஆடிக்கொண்டே இருந்தது.

கருநுரையான் சிரித்தான். "அவன் தீவுக் கோயில் நாகஸ்வரக்காரன். ஊதி ஊதிப் பழக்கம். பையில இருக்கறது வெறும் காத்து."

பவளாயியின் பாதம் குளிர்ந்தது. குனிந்து பார்த்தாள். முழங்கால் வரை வெள்ளிச் செதில்.

சரி, யோசித்துப் பயனில்லை, அவனையே வரவைக்கலாம் என்று நினைத்தாள். தூக்குச் சட்டியைத் திறந்தாள். ஒரு பணியாரத்தை எடுத்துத் தண்ணீருக்குள் நீட்டினாள். கருப்பட்டி வாசம் தண்ணீரில் கரைந்து பரவியது. மீனெல்லாம் திரும்பின. மடவைகள் ஓடி வந்தன, நவரைகள் வந்தன, உப்பியிருந்த பேத்தைகூட வற்றிப்போய் ஓடி வந்தது. எல்லாவற்றையும் விலக்கிக்கொண்டு, பாறை இடுக்கிலிருந்து ஒரு பெரிய கலவா வந்தது. புள்ளி போட்ட உடம்பு, தடித்த உதடு. நேரே அவள் கையில் இருந்த பணியாரத்தை வாங்கிக்கொண்டது. பிறகு போகாமல் நின்றது. அவளுடைய உள்ளங்கையில் தாடையை வைத்துக்கொண்டு உருண்டைக் கண்ணால் அவள் முகத்தையே பார்த்தது.

பவளாயி அதன் தலையைத் தடவினாள். "நயினான்" என்றாள்.

கலவா அவள் கையை மோந்து, இன்னொரு பணியாரம் இருக்கிறதா என்று தேடியது.

கருநுரையான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "அவன் ராஜாவோட அரண்மனை அதிகாரி. யாரு கையில இருந்தாலும் வாங்கிக்குவான். வாங்கிட்டு இப்படித்தான் பாசமாப் பாப்பான்."

செதில் இடுப்புக்கு ஏறியது. இரண்டு கால்களும் ஒட்டி வாலாகிவிட்டன. நிற்க முடியாமல் பவளாயி தண்ணீரில் விழுந்தாள். சட்டி கவிழ்ந்தது. பணியாரமெல்லாம் உடைந்து தண்ணீரில் சிதறியது. ஒரு பாறை முனையைப் பிடித்துக்கொண்டு தலையை மட்டும் வெளியே வைத்திருந்தாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. பிள்ளை எங்கே இருக்கிறாளோ, எந்த மீன் வயிற்றுக்குப் போனாளோ என்று நினைத்து நினைத்து அழுதாள்.

"மிச்சம் ஒரு தடவை. அதையும் கூப்பிட்டுடு. வெயில் ஏறுது" என்றான் கருநுரையான்.

பவளாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு தண்ணீருக்குள் பார்த்தாள். பணியாரத் துணுக்குகள் மெதுவாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தன. மீன்கள் சண்டை போட்டுக்கொண்டு தின்றன. எல்லா மீனும் தின்றது. ஒன்றைத் தவிர.

அது ஒரு கெளுத்தி. அடியில், கலங்கலான இடத்தில் இருந்தது. தலை பெரிது, தொண்டை வீங்கியிருந்தது, வயிறு மட்டும் முதுகோடு ஒட்டிக் கிடந்தது. ஒரு துணுக்கு அதன் முன்னால் வந்து விழுந்தது. கெளுத்தி மீசையை நீட்டித் தொட்டுப் பார்த்தது. உடம்பு நடுங்கியது. பிறகு திரும்பிக்கொண்டது. இன்னொரு துணுக்கு வாய் மேலேயே வந்து விழுந்தது. கெளுத்தி பின்னால் நகர்ந்தது.

"அண்ணே!" என்று பவளாயி வாசலைப் பார்த்துக் கத்தினாள். "இந்தக் கெளுத்திக்கு உடம்புக்கு என்ன?"

உளுவை பாறைமேல் தாவி வந்தது. "அதுவா? நான் பாத்ததுலேர்ந்து அப்படித்தான் தாயி. மத்த கெளுத்தியெல்லாம் கண்டதையும் தின்னும், சேத்தைக்கூட விடாது. இது வாயே திறக்கறதில்லை."

அந்த நேரம் சீலாக் கூட்டம் வரிசையாகத் திரும்பியது. அதில் ஒன்று அம்பு மாதிரி பாய்ந்து கெளுத்தியின் வாலில் ஒரு கடி கடித்தது. ரத்தம் கரைந்தது. கெளுத்தி செவுளோர முள்ளை விறைத்து முதுகைக் காட்டியது, திருப்பிக் கடிக்கவில்லை. சீலா இன்னொரு கடி கடித்தது. அப்போதும் கெளுத்தி வாயைத் திறக்கவில்லை. உதட்டை இறுக்கிக்கொண்டு பாறையடியில் ஒதுங்கியது.

பவளாயி பார்த்துக்கொண்டே இருந்தாள். பசிக்கிறது, தின்னவில்லை. வலிக்கிறது, கடிக்கவில்லை. அப்படி வாயில் என்ன?

மீனுக்குக் கை கிடையாது. கை இல்லாதவன் ஒன்றை விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டுமென்றால் எதில் பிடித்துக்கொள்வான்?

பவளாயி பாறையை விட்டாள். வாலை எப்படி ஆட்டுவதென்று தெரியாமல், புரண்டும் முங்கியும் அந்தக் கெளுத்தியிடம் போனாள். கெளுத்தி பயந்து இன்னும் உள்ளே ஒடுங்கியது.

"தொடு, தொட்டுக் கூப்பிடு!" என்று கருநுரையான் அவசரப்படுத்தினான்.

பவளாயி தொடவில்லை. இரண்டு கைகளையும் சேர்த்து, ஒரு கிண்ணம் மாதிரி குவித்து, அதன் வாய்க்குக் கீழே நீட்டினாள். குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"பிள்ளையை என்கிட்ட குடுங்க. நான் வச்சுக்கறேன். நீங்க சாப்பிடுங்க."

கெளுத்தி அசையவில்லை.

"எத்தனை நேரமா வச்சிருக்கீங்க. குடுங்க. நான் கீழே விடமாட்டேன்."

கெளுத்தியின் மீசை ஒன்று முன்னால் வந்தது. அவள் விரலைத் தடவியது. உள்ளங்கையைத் தடவியது. கைக்குக் கீழே இடைவெளி இருக்கிறதா என்று சுற்றிலும் தடவிப் பார்த்தது. இல்லை என்று தெரிந்த பிறகு, மெல்ல, வாயைத் திறந்தது.

ஒரு குட்டி மீன் வெளியே வந்தது. அரிசி நீளம்கூட இருக்காது. அவள் கையில் ஒரு சுற்றுச் சுற்றியது. பயந்து, வந்த வாய்க்கே திரும்பி ஓடப் பார்த்தது. பவளாயி விரல்களை மூடிக்கொண்டாள்.

"வடிவு" என்றாள். பிறகு கெளுத்தியின் தலையைத் தொட்டு, "நயினான்" என்றாள்.

தண்ணீர் ஒருமுறை குலுங்கியது.

கருநுரையான் எழுந்து நின்றான். ஒரு கை தண்ணீரை அள்ளினான். "மீனுக்கு வயிறு உண்டு…" என்று ஆரம்பித்தான். மிச்சம் வாயில் வரவில்லை. "மீனுக்கு வயிறு உண்டு…" என்றான் மறுபடி. மூன்றாவது தடவையும் சொல்லிப் பார்த்தான். அதற்குமேல் சொல்ல அவனுக்கு ஒன்றும் இல்லை. அள்ளிய தண்ணீர் அவன் கையிலிருந்து வழிந்து அவன் மேலேயே விழுந்தது. தாடி சுருங்கியது, உடம்பு முண்டு முண்டாக இறுகியது. கல்லோடு கல்லாகக் கிடக்கிற, முதுகெல்லாம் விஷமுள் வைத்த ஒரு கல்மீனாகப் பாறையடியில் போய் விழுந்தான். அதன் பிறகு அவன் பக்கத்தில் ஒரு மீனும் போகவில்லை.

காயலில் எங்கு பார்த்தாலும் ஆட்கள் எழுந்து நின்றார்கள். வீரர்கள் இடுப்பளவு தண்ணீரில் வரிசையாக நின்றுகொண்டு ஒருவரையொருவர் பார்த்தார்கள். நாகஸ்வரக்காரர் பாசிக்கொத்து ஒன்றைப் பிடித்தபடி, தன் வாத்தியம் எங்கே என்று கேட்டார். அரண்மனை அதிகாரியின் கன்னத்தில் இன்னும் பணியாரம் இருந்தது. பேத்தையாக இருந்த ஒரு வியாபாரி மட்டும் மூச்சை விடப் பயந்துகொண்டு சிறிது நேரம் உப்பியபடியே நின்றார்.

பவளாயிக்குக் கால் வந்துவிட்டது. அவள் இடுப்பில் வடிவு இருந்தாள். நனைந்து, கோபமாக, நன்றாக அழுதுகொண்டு. எதிரில் நயினான். கன்னம் ஒட்டி, கண் குழிந்து, கெண்டைக்காலில் பல் பதிந்து ரத்தம் வர நின்றான். வாயைத் திறந்து திறந்து மூடினான். தாடை வலித்தது போல.

மீண்டவர்களை உளுவைதான் வாசல்வரை வழிகாட்டிக் கூட்டிப் போனது. வீரர்கள் அதற்கு வணக்கம் வைத்தார்கள். ராஜாவிடம் சொல்லிக் காயல் முழுவதையும் அதன் பெயருக்கு எழுதித் தரச் சொல்வதாக அதிகாரி சொன்னார். "எனக்குச் சேறு போதும்" என்று சொல்லிவிட்டு அது கண்ணை நனைத்துக்கொண்டது.

தோணியில் ஏறியதும் பவளாயி சட்டியைத் தடவிப் பார்த்தாள். அடியில் ஒட்டிக்கொண்டு இரண்டு பணியாரம் மிஞ்சியிருந்தது, உப்புத்தண்ணீரில் ஊறி. அதை எடுத்து நயினானிடம் கொடுத்தாள். அவன் கையை நீட்டவில்லை. முதலில் பிள்ளையைப் பார்த்தான். பவளாயி அவளை நன்றாகத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, பிடித்திருக்கிற கையைக் காட்டினாள். அப்புறம்தான் வாங்கினான். இரண்டையும் தின்று முடித்தான்.

"என்னைத் தெரிஞ்சுதா உங்களுக்கு?" என்று கேட்டாள் பவளாயி.

"இல்லை."

"பிள்ளையை?"

நயினான் தாடையைத் தடவிக்கொண்டான். "வாயில என்ன இருக்குன்னுகூடத் தெரியலை" என்றான். "கீழே விடக்கூடாதுன்னு மட்டும் தெரிஞ்சுது."

பவளாயி துடுப்பை எடுத்துக்கொண்டாள். அன்றைக்கு அவள்தான் தோணியை ஓட்டினாள். அவன் தோணியின் அடியில் உப்பு மூட்டைமேல் படுத்து, வாயைத் திறந்தபடி தூங்கினான்.

செம்முனை இப்போது இல்லை, அதன் ராஜாவும் இல்லை. கடல் இருக்கிறது, மீன் இருக்கிறது. சொன்ன வாய்க்கும் கேட்ட காதுக்கும் ஒரு குறையும் வராமல் இருக்கட்டும்.